பிள்ளைகளின் தீராத வலி: கண்டறிவது முதல் பள்ளிக் கடிதம் வரை பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகளின் முழங்கால் வலிக்குச் சிறார் மூட்டழற்சி என்ற பெயர் கிடைப்பதற்குள், "வளர்ற பிள்ளைக்கு வர்ற வலிதான்" என்பதில் தொடங்கி "படிப்புக்குப் பயந்து சொல்கிறாள்" என்பது வரை எல்லா விளக்கங்களையும் நாங்கள் கேட்டு முடித்திருந்தோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றைத் தமிழ்நாட்டில் இருக்கும் மற்ற பெற்றோருக்குப் பயன்படும் வகையில் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்லள். நோயின் பெயரைச் சொல்வது மருத்துவரின் வேலை. அவர் சரியாகச் சொல்வதற்கு வேண்டிய தகவல்களைக் கையில் கொண்டுபோவது நம் வேலை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

1. எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று முதலில் பிரியுங்கள்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும், விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வரும் வலியையும் மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறார்கள். இந்த மூன்று மாதம் என்பது வகைப்படுத்துவதற்கான கணக்கு மட்டுமே. அதுவரை பொறுத்திருந்து பிறகு மருத்துவரைப் பார்க்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. ஒரு மூட்டு வீங்கியிருந்தால் முதல் வாரத்திலேயே காட்ட வேண்டும். 16 வயதுக்குள் தொடங்கி ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும், வேறு காரணம் புலப்படாத மூட்டு வீக்கத்தைத்தான் சிறார் மூட்டழற்சி என்கிறார்கள்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்: காய்ச்சலோடு சேர்ந்து ஒரு மூட்டு சிவந்து, சூடாகி, அசைக்கவே முடியாமல் போவது, எலும்பு வலியோடு பிள்ளை வெளிறிப்போவது, உடலில் காரணமில்லாமல் கன்றிய தடங்கள் தோன்றுவது, எடை குறைவது, காலை எழுந்ததும் தலைவலியோடு வாந்தி வருவது, நடை தள்ளாடுவது, வயிற்றுவலியோடு பச்சை நிற வாந்தியோ மலத்தில் இரத்தமோ வருவது, முதுகுவலியோடு கால் பலமிழப்பது அல்லது சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது.

இன்னொன்றையும் இதோடு சேர்க்க வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளை, குறிப்பாகச் சற்று உடல் பருமன் உள்ள பிள்ளை, முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி நொண்டினால், கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதியிலிருந்து) நழுவும் நிலையில் வலி முழங்காலில் மட்டுமே தெரியக்கூடும். முழங்காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டால், இடுப்பையும் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

2. அழுகையைத் தேடாதீர்கள், பிள்ளை எதை நிறுத்திவிட்டது என்று பாருங்கள்

அடிபட்ட வலியில் பிள்ளை அழும், முகம் சுளிக்கும், அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் இவை பெரும்பாலும் இருக்காது. வலியோடு இருக்கப் பழகிய பிள்ளை சிரிக்கும், கைப்பேசி பார்க்கும், உறவினர் வந்தால் ஓடிக்கூட விளையாடும். "விளையாடும்போது மட்டும் வலி எங்கே போகிறது?" என்ற கேள்வி எழுவது இந்த இடத்தில்தான். கவனம் வேறொன்றில் இருக்கும்போது வலி சற்றுக் குறைவாக உணரப்படும் என்பது பெரியவர்களுக்கும் பொருந்தும் என்பதை அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஏனோ யோசிப்பதில்லை.

ஆகவே, செய்துகொண்டிருந்த எந்தக் காரியத்தைப் பிள்ளை சத்தமில்லாமல் கைவிட்டிருக்கிறது என்று கவனியுங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டவள் நாற்காலி கேட்கிறாளா? தரையில் அமைந்த கழிப்பறையைத் தவிர்க்கிறானா? மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து ஏறுகிறாளா? சட்டைப் பொத்தான், தண்ணீர்ப் புட்டியின் மூடி, எழுதும்போது பேனாவைப் பிடிக்கும் விதம் ஆகியவற்றில் மாற்றம் தெரிகிறதா? காலையில் எழுந்து அரை மணி நேரம் விறைப்பாக நடந்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் இயல்பாக நடக்கும் பிள்ளையை மாலை நேரத்து மருத்துவர் பார்க்கும்போது எதுவும் தெரியாது. இந்தக் காலை விறைப்பு மூட்டழற்சியின் முக்கியமான அடையாளம்.

பேசத் தெரியாத குழந்தையாக இருந்தால், நடக்கத் தொடங்கியவன் மீண்டும் தூக்கச் சொல்வது, உடை மாற்றும்போது ஒரு குறிப்பிட்ட அசைவில் மட்டும் வீறிடுவது, தூக்கம் கெடுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். பள்ளி வயதில் வயிற்றுவலியும் தலைவலியும் அதிகம். பதின்ம வயதினர் சொல்லவே மாட்டார்கள். அறைக்குள் முடங்குவது, நண்பர்களோடு போவதைத் தவிர்ப்பது, எரிந்து விழுவது ஆகியவை அவர்கள் காட்டும் அறிகுறிகள்.

பெண் பிள்ளைகளின் மாதவிடாய் வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ அதே நாட்களில் பள்ளிக்குப் போக முடியாமல் போனால், அது "எல்லாருக்கும் இருப்பதுதான்" என்று தள்ளிவிடக் கூடிய வலி இல்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மருந்தை மூன்று மாதங்களுக்கு மேல் முறையாக எடுத்தும் குறையவில்லை என்றால் மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லலாம்; மருத்துவர் சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

3. "வளர்ச்சி வலி" என்ற பதிலைச் சரிபார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்

வளர்ச்சி வலி என்று ஒன்று உண்மையில் உண்டு. ஏறத்தாழ 3 முதல் 12 வயதுக்குள் வரும். இரண்டு கால்களிலும், தசைப்பகுதியில், மாலையிலோ இரவிலோ குடையும், தேய்த்துவிட்டால் அடங்கும், காலையில் சுவடே இருக்காது. பிள்ளை நொண்டாது, மூட்டு வீங்காது, பகல் விளையாட்டு குறையாது. இவை அனைத்தும் பொருந்தினால் கவலைப்படத் தேவையில்லை.

ஒரே காலில் மட்டும் வலி, மூட்டிலேயே வலி, காலையில் அதிகமாகும் வலி, நொண்டுதல், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பெயரை ஏற்காதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது அரிவாள் செல் இரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துபோகும் பரம்பரை நோய்) இருந்தால், குறிப்பாக நீலகிரிப் பகுதியின் பழங்குடிக் குடும்பங்களில், குழந்தையின் கைவிரல்களும் பாதங்களும் வீங்கி வலிப்பது அந்த நோயின் முதல் வெளிப்பாடாக இருக்கக்கூடும். 2023-இல் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தின் கீழ் இதற்கான பரிசோதனை செய்யப்படுகிறது; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இந்தக் கட்டத்தில் சுளுக்கு உருவுவது, இறுக்கிக் கட்டுப்போடுவது, வயிற்றுவலிக்குக் குடல் தட்டுவது ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். வீங்கிய மூட்டை அழுத்தி உருவுவதால் நன்மை எதுவும் இல்லை. சின்னச் சுளுக்குக்குப் பிறகு வலி குறையாமல், தோல் நிறம் மாறி, கால் சில்லிட்டு, போர்வை பட்டாலே துடிக்கும் ஒரு நிலை பதின்ம வயதுப் பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. அதற்குக் கட்டுப்போட்டு அசையாமல் வைப்பது வலியை மேலும் வளர்க்கும்.

4. இரண்டு வாரத்துக்கு ஒரு வலிக் குறிப்பேடு எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வெளிநோயாளர் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் "ரொம்ப நாளா வலிக்குதுங்க டாக்டர்" என்று சொல்வதற்கும், தேதி வாரியாக எழுதிய இரண்டு பக்கத்தை நீட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் நேரில் பார்த்தோம். அதுவரை எங்களிடம் எதுவும் கேட்காதவர்கள்கூடக் குறிப்பேட்டைப் பார்த்த பிறகு கேள்வி கேட்டார்கள்.

சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு நாளும் எழுத வேண்டியவை: வலி எங்கே, எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, இரவில் எழுப்பியதா, காலை விறைப்பு எத்தனை நிமிடம், காய்ச்சல் இருந்தால் அளந்த எண், என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, குறைந்ததா, அன்றைக்குச் செய்ய முடியாமல் போனது என்ன, பள்ளிக்குப் போனாளா, பாதியில் திரும்பினாளா. வலி எப்படி இருக்கிறது என்பதைப் பிள்ளையின் சொல்லிலேயே எழுதுங்கள். குடையுது, குத்துது, எரியுது, விண்ணுவிண்ணுனு தெறிக்குது, மரத்துப்போகுது என்பன வெவ்வேறு வலிகள். எரிச்சலும் மரத்துப்போதலும் நரம்பைச் சந்தேகிக்க வைக்கும், விண்ணென்ற தெறிப்பு வேறு காரணங்களைத் தேட வைக்கும். நீங்கள் அதைத் திருத்தி "கடுமையான வலி" என்று எழுதினால் அந்தத் தகவல் போய்விடும்.

வலியின் அளவுக்கு, எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 0 முதல் 10 வரை எண் கேட்கலாம். நான்கு வயதுக்கு மேல் முகப்படங்களின் வரிசையைக் காட்டி எது உன் வலி என்று கேட்கலாம். அதற்கும் சிறிய குழந்தையாக இருந்தால் முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பாருங்கள். மருத்துவமனைகளிலும் இந்த ஐந்தை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். ஒரு மணிக்கு ஒருமுறை "இப்ப வலிக்குதா?" என்று கேட்பது தேவையில்லை, கேட்கவும் கூடாது, அது பிள்ளையின் கவனத்தை வலியிலேயே கட்டிப்போடும். காலையும் இரவும் ஒருமுறை போதும்.

காலை எழுந்ததும் நடக்கும் நடையையும், வீங்கிய மூட்டையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முழங்கால்களும் ஒரே படத்தில் வருமாறு எடுங்கள். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வீக்கம் தெரியும்.

5. யாரிடம் போவது, என்ன கொண்டுபோவது

முதலில் குழந்தைநல மருத்துவர். நேராக எலும்பு மருத்துவரிடம் போவதுதான் நம் வழக்கம். அடிபடாமல் வரும் மூட்டு வலிக்கு அது பெரும்பாலும் சுற்றுவழி. குழந்தைநல மருத்துவர் பார்த்துவிட்டு மூட்டுவாதப் பிரிவுக்கோ, நரம்பியலுக்கோ, வயிறு குடல் பிரிவுக்கோ அனுப்புவார். பரிந்துரைக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரசுத் தரப்பில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் இருக்கின்றன. மூட்டுவாதத்துக்குப் புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் தனித் துறைகள் உண்டு.

இங்கே ஒரு சிக்கல். அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு பொதுவாக 12 வயது வரைதான். 13 வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு அங்கே வரிசையில் நின்றால், பெரியவர்களின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போகச் சொல்வார்கள். அதற்குள் அங்கே சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்திருக்கும். வெளிநோயாளர் சீட்டு காலையிலேயே கொடுக்கப்படும், சிறப்புப் பிரிவுகள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே இயங்கும். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் வயது வரம்பையும் கிழமையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

கொண்டுபோக வேண்டியவை: வலிக் குறிப்பேடு; இதுவரை எழுதிய எல்லா மருந்துச் சீட்டுகளும் தேதி வரிசையில்; இரத்தப் பரிசோதனை முடிவுகள்; எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் (அறிக்கை மட்டும் போதாது, படமும் வேண்டும்); தடுப்பூசி அட்டை; எடை, உயரப் பதிவு; பிள்ளையின் ஆதார் நகல்; காப்பீட்டு அட்டை இருந்தால் அது. அரசு மருத்துவமனையில் மூலச் சீட்டை அவர்களே வைத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றையும் படமெடுத்த பிறகே கையை விட்டுக் கொடுங்கள்.

பதின்ம வயதினராக இருந்தால், மருத்துவரிடம் தனியாகப் பேசச் சில நிமிடம் கொடுங்கள். நம் எதிரில் சொல்லாததை அங்கே சொல்வார்கள்.

6. பரிசோதனைகள்: செலவும் அவற்றின் எல்லையும்

முதல் சுற்றில் வழக்கமாக முழு இரத்த எண்ணிக்கை, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் எக்ஸ்ரே ஆகியவை எழுதப்படும். அரசு மருத்துவமனையில் இவை இலவசம். தனியார் ஆய்வகங்களுக்குள் விலை பெரிதும் வேறுபடும். ஒரே சீட்டை இரண்டு இடத்தில் காட்டி விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள். எம்.ஆர்.ஐ. தனியாரில் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சின்னக் குழந்தை அசையாமல் படுக்காது என்பதால் மயக்க மருந்து தேவைப்படும். அதற்குத் தனிக் கட்டணம், வெறும் வயிறு, மயக்கவியல் மருத்துவர் இருக்கும் நாள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். தேதியை முன்பதிவு செய்யும்போதே இவற்றைக் கேளுங்கள்.

எங்களைக் குழப்பியது வேறு. முடக்குவாதக் காரணி (ஆர்.எஃப்.) என்ற இரத்தப் பரிசோதனை எதிர்மறையாக வந்ததால் மூட்டு நோய் இல்லை என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். சிறார் மூட்டழற்சி உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனை எதிர்மறையாகத்தான் வரும், ஈ.எஸ்.ஆர். கூட இயல்பாக இருக்கலாம். மருத்துவர் கையால் தொட்டு, அசைத்துப் பார்ப்பதுதான் இதில் முதன்மையானது. மூட்டழற்சி உறுதியானால் உடனே கண் பரிசோதனைக்குப் போக வேண்டும். கண்ணுக்குள் வரும் அழற்சி சிவப்போ வலியோ இல்லாமல் பார்வையைக் கெடுக்கும் என்பதால், கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் என்ற நுண்ணோக்கிக் கருவியில் பார்த்தால் மட்டுமே தெரியும்; ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள்.

எல்லாப் பரிசோதனையும் இயல்பாக வந்தால்? தலைவலி, தொப்புளைச் சுற்றிய வயிற்றுவலி, உடல் முழுதும் பரவிய தசைவலி ஆகியவற்றில் இப்படி வருவது வழக்கம். வலி பொய் என்பதற்கு அது சான்று இல்லை. வலியைக் கடத்தும் நரம்புப் பாதைகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்ட நிலை, எந்த ஸ்கேனிலும் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி, பிள்ளைகளின் நாள்பட்ட வலிக்கு இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி), உளவியல் சிகிச்சை, மருந்து ஆகிய மூன்று வழிகளையும் சொல்கிறது. உளவியலாளரிடம் அனுப்பினால் "என் பிள்ளை நடிக்கிறது என்கிறார்களா?" என்று கோபப்பட வேண்டாம், நானும் முதலில் கொதித்தேன், ஆனால் தூக்கத்தையும் பள்ளிக்குத் திரும்பும் தைரியத்தையும் மீட்டதில் அந்தச் சந்திப்புகளுக்குப் பங்கு உண்டு. பிசியோதெரபியைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் வலி கூடுவது போலத் தோன்றும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

7. மருந்துக் கடையில் கவனம்

பாராசிட்டமாலை வயதை வைத்துக் கொடுக்காமல் எடையை வைத்துக் கொடுக்க வேண்டும்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராமும் உண்டு, 250 மில்லிகிராமும் உண்டு. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். பழைய புட்டியின் அளவைப் புதிய புட்டிக்குப் பயன்படுத்துவதுதான் பெரும் ஆபத்து. ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்கக் கூடாது. நிமெசுலைடு என்ற வலி, காய்ச்சல் மருந்து 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தியாவில் 2011 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. கடையில் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலில் இபுபுரூஃபன் வேண்டாம். தலைவலிக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால், மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காரணம் தெரிவதற்கு முன் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொள்ளாதீர்கள். வலி மாயமாக மறையும். ஆனால் எலும்பு வலியாகத் தொடங்கும் இரத்தப் புற்றுநோய் போன்றவற்றின் தடயங்களும் அதோடு மறைந்துபோகும். மூட்டழற்சிக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதினால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கிழமையைக் காலண்டரில் எழுதி ஒட்டுங்கள். அந்த மருந்து ஓடும்போது எந்தத் தடுப்பூசிக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

8. காப்பீடும் சான்றிதழ்களும்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையில் இல்லாததால் பலர் அங்கிருந்து திரும்புகிறார்கள். அதை முதலில் சேர்த்துவிடுங்கள். இத்திட்டம் பெரும்பாலும் உள்நோயாளி சிகிச்சைகளுக்கும், பட்டியலில் உள்ள சில பரிசோதனைகளுக்கும்தான். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் ஆலோசனைக் கட்டணத்துக்கும் அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் பலர் கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் நாள்பட்ட வலி என்று தனி வகை இல்லை. மூட்டுச் சேதத்தால் இயக்கக் குறைபாடு ஏற்பட்டிருந்தாலோ, அரிவாள் செல் நோய் இருந்தாலோ விண்ணப்பிக்கலாம்; பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 விழுக்காடு என்ற மதிப்பீடு தேவை.

9. பள்ளிக்கு ஒரே கடிதம், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே

விடுப்பு எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சான்றிதழ் கொடுப்பதைவிட, நோயின் பெயர், அது விட்டுவிட்டு வரும் தன்மை உடையது என்பது, எவ்வளவு காலம் சிகிச்சை, என்னென்ன தளர்வு தேவை என்பதை விளக்கும் ஒரே கடிதத்தை மருத்துவரிடம் வாங்கி ஜூன் மாதத்திலேயே தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். என்ன வேண்டும் என்பதை நீங்களே பட்டியலிட்டுக் கொண்டுபோனால் மருத்துவர் எழுதுவது எளிது: தரைத்தள வகுப்பு, மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க அனுமதி, புத்தகங்களின் ஒரு தொகுதியைப் பள்ளியிலேயே வைப்பது, காலை வழிபாட்டில் நிற்பதற்கு விலக்கு, தண்டனையாக நிற்கவைக்கவோ ஓடவிடவோ கூடாது என்பது. விளையாட்டு வகுப்பிலிருந்து முழு விலக்குக் கேட்காதீர்கள். முடிந்த அளவு பங்கேற்பது என்று எழுதச் சொல்லுங்கள், ஏனெனில் அசையாமல் இருப்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கெடுதல்.

நீண்ட விடுப்புக்குப் பிறகு முழு நாளும் உட்கார வைக்காமல், முதல் வாரம் அரை நாள், பிறகு மெல்ல நேரத்தைக் கூட்டுவது என்று பேசி வையுங்கள். வலி முழுதாகப் போன பிறகு அனுப்பலாம் என்று வீட்டிலேயே வைத்திருந்தால் திரும்புவது மேலும் கடினமாகும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவக் காரணத்துக்காகத் தளர்வு கோர, விடுப்பு எடுத்த காலத்திலேயே வாங்கிய சான்றுகள் தேவை. பிறகு பழைய தேதியிட்டு வாங்கிய சான்று செல்லாது. மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ தேவைப்பட்டால் விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். யாருக்குத் தகுதி, எந்த மருத்துவச் சான்று ஏற்கப்படும், கடைசித் தேதி எது என்பதைப் பொதுத்தேர்வு உள்ள ஆண்டின் முதல் பருவத்திலேயே பள்ளி அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு தலைமையாசிரியரால் எதுவும் செய்ய இயலாது.